பொன் எக்கோவில் ஒரு புதையற் பெட்டி

கோடை விடுமுறை பிறந்தால் எங்கள் வீடுகளில் முதலில் எழுகிற கேள்வி, “இந்த முறை எங்கே?” என்பதுதான். நயாகராவை எத்தனை தரம் பார்ப்பது? ஊரிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் விருந்தினர் வரும்போதெல்லாம் கூட்டிக்கொண்டு போய், அந்த நீர்வீழ்ச்சிக்கே எங்கள் முகங்கள் பழகிவிட்டன. ஆகவே சென்ற யூலை மாதத்தில், ஸ்காபரோவில் அயலவர்களாக வாழும் மூன்று குடும்பத்தினர் நாங்கள் ஒன்றுசேர்ந்து பொன் எக்கோ மாகாணப் பூங்காவில் மூன்று இரவுகள் கூடாரமடித்துத் தங்குவதென்று முடிவு செய்தோம். ஐந்து வயதுச் சிறுமி முதல் எழுபத்தெட்டு வயது அம்மம்மா வரை பதின்மூன்று பேர்.

பெயரைக் கேட்டதும் அம்மம்மா, “பொன் கிடைக்கிற இடமோ?” என்று கேட்டார். பிரெஞ்சு மொழியில் ‘பொன்’ என்றால் ‘நல்ல’ என்று பிள்ளைகள் விளக்கினார்கள். நல்ல எதிரொலி என்பதே அதன் பொருள். அங்கே ஏரிக்கரையில் நிமிர்ந்து நிற்கும் பெரும் பாறையை நோக்கிக் கூப்பிட்டால் குரல் தெளிவாகத் திரும்பி வரும்.

ரொறன்ரோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் கிழக்கே நப்பனி வரை போய், 41 ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே திரும்பினால் கலடார், குளோயின் என்ற சிற்றூர்களைத் தாண்டிப் பூங்கா வாசல் வருகிறது. இடையில் நின்று புட்டும் சம்பலும் சாப்பிட்ட நேரத்தைக் கழித்துவிட்டால் ஏறத்தாழ மூன்றரை மணி நேரப் பயணம். கூடாரங்களை அடித்து, சாப்பாட்டுச் சாமான்களைக் கரடிக்குப் பயந்து வானுக்குள் பூட்டி, நுளம்புக்கு மருந்து பூசி முடிக்கையில் பொழுது சாய்ந்துவிட்டது.

அன்றிரவு நெருப்பைச் சுற்றி இருந்தபோதுதான், எங்களோடு வந்த மாமா ஒருவர் மறுநாளைக்கென்று தான் ஆயத்தப்படுத்தி வைத்திருந்த விளையாட்டைப் பற்றிச் சொன்னார். பிள்ளைகள் எல்லாருக்கும் அவர் மாமாதான். கணக்கில் கெட்டிக்காரர். ஆளை இருத்தி எழுப்புகிற கேள்வி கேட்பதில் அதைவிடக் கெட்டிக்காரர்.

விளையாட்டு வந்த கதை

ஜியோகாஷிங் என்பது அந்த விளையாட்டின் பெயர். ஒருவர் ஒரு பெட்டியை ஓரிடத்தில் மறைத்து வைத்து, அந்த இடத்தின் அகலாங்கு நெட்டாங்குகளை மட்டும் மற்றவர்களுக்கு அறிவிப்பார். மற்றவர்கள் செய்மதி வழிகாட்டியின் உதவியோடு தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பெட்டிக்குள் ஒரு சிறிய கொப்பி இருக்கும். கண்டவர் தன் பெயரையும் திகதியையும் அதில் எழுதி, பெட்டியை இருந்தபடியே திரும்ப வைத்துவிட்டு வரவேண்டும். உள்ளே சிறு விளையாட்டுப் பொருட்களும் இருக்கலாம். ஒன்றை எடுத்தால் அதற்குச் சமமான அல்லது மேலான ஒன்றை வைக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம்.

ஜி.பி.எஸ். என்னும் செய்மதி முறையை அமெரிக்க இராணுவம் உருவாக்கியது. பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிகளின் சமிக்ஞைகளைக் கொண்டு, கையிலுள்ள கருவி தான் நிற்கும் இடத்தைக் கணித்துக்கொள்கிறது. இராணுவத்துக்குத் துல்லியமாகக் கிடைத்த இந்த வசதி, பொதுமக்களுக்கு வேண்டுமென்றே குழப்பப்பட்டே கொடுக்கப்பட்டது. நூறு மீற்றர் வரையில் பிழை காட்டும். 2000 ஆம் ஆண்டு மே மாதம் 2 ஆம் திகதி அமெரிக்க அரசு அந்தக் குழப்பத்தை நிறுத்தியது. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஒறிகன் மாநிலத்தில் பீவர்கிறீக் என்ற ஊருக்கு அண்மையில் காட்டோரத்தில் ஒரு கறுப்பு வாளியை வைத்து, அதன் இடக்குறியை இணையத்தில் அறிவித்தார். வாளிக்குள் புத்தகங்கள், வீடியோ நாடாக்களோடு ஒரு ரின் போஞ்சியும் இருந்ததாம். சில நாட்களுக்குள்ளேயே அதைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்று உலகமெங்கும் முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் மறைந்திருக்கின்றன.

இதற்கும் முன்னோடி ஒன்று உண்டு. இங்கிலாந்தில் டார்ட்மூர் என்ற மேட்டுநிலத்தில் 1854 இல் ஜேம்ஸ் பெரொட் என்ற வழிகாட்டி, நடந்து வருவோர் தங்கள் பெயர்ச் சீட்டைப் போட்டுச் செல்வதற்காக ஒரு போத்தலை வைத்ததிலிருந்து தொடங்கிய பழக்கம் அது. தேடுகிற ஆசை மனிதருக்குப் பழையது. கருவிதான் புதியது.

பெட்டிகளில் பல வகை உண்டு. சிலவற்றுக்கு இடக்குறி நேரடியாகக் கொடுக்கப்படும். புதிர்ப் பெட்டிகளுக்கோ கொடுக்கப்பட்ட புதிரை விடுவித்தால்தான் உண்மையான இடக்குறி கிடைக்கும். மாமா ஆயத்தப்படுத்தியது இந்த இரண்டாம் வகை. நிலையாக ஒரு பெட்டியை வைப்பதென்றால் பூங்கா நிர்வாகத்தின் அனுமதி பெறவேண்டும். ஆகவே எங்களுடையது வீட்டு விளையாட்டாக, நாங்கள் வாடகைக்கு எடுத்த மூன்று கூடார நிலங்களுக்குள்ளேயே வைத்து, விளையாடி முடிந்ததும் எடுத்துவிடும் பெட்டியாக இருந்தது.

பாறையும் புதிரும்

அடுத்த நாட் காலை மாமா இரண்டு கடதாசிகளைப் பிள்ளைகளிடம் கொடுத்தார். முதலாவதில் 44 பாகை வடக்கு, 77 பாகை மேற்கு என்று தொடங்கும் இடக்குறி இருந்தது. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை. கலைகளும் எழுதப்பட்டிருந்தன. ஆனால் தசமப் புள்ளிக்குப் பிறகு வடக்கிலும் மேற்கிலும் மும்மூன்று கட்டங்கள் வெறுமையாக விடப்பட்டிருந்தன. ஒரு கலையின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் தெற்கு வடக்காக 1.85 மீற்றர், இந்த அகலாங்கில் கிழக்கு மேற்காக 1.3 மீற்றர் அளவுதான். ஆகவே கடைசி இலக்கங்கள் தெரியாவிட்டால் இடம் தெரியாது.

மூத்தவள் இதை அம்மம்மாவுக்கு விளக்கினாள். “உங்கடை கிளிநொச்சி 9 பாகை வடக்கு, 80 பாகை கிழக்கு, அம்மம்மா. நாங்கள் இப்ப 44 வடக்கு, 77 மேற்கு.” அம்மம்மா சற்று யோசித்துவிட்டு, “அப்ப உலகத்தின்ரை மற்றப் பக்கம் எண்டு சொல்லன்” என்றார்.

வடக்குப் பக்கத்து மூன்று கட்டங்களுக்கும் மூன்று கேள்விகள். முதலாவது: வெள்ளைப் பைன் மரத்தின் ஒரு கொத்தில் எத்தனை ஊசி இலைகள்? மூன்றாவது: செம்பைனின் ஒரு கொத்தில் எத்தனை? பிள்ளைகள் மரத்தடியில் விழுந்து கிடந்த கொத்துகளைப் பொறுக்கி எண்ணினார்கள். வெள்ளைப் பைனுக்கு ஐந்து, செம்பைனுக்கு இரண்டு. வெள்ளைப் பைன் 1984 இலிருந்து ஒன்ராறியோ மாகாணத்தின் மரம். அதன் கீழே இத்தனை ஆண்டுகள் வாழ்ந்தும் அதன் இலையை எண்ணிப் பார்க்க எங்களுக்கு அன்றுதான் நேரம் வந்தது.

இரண்டாவது கேள்விக்கு விடை தேட ஏரிக்குப் போகவேண்டியிருந்தது. உயிர்காப்பு அங்கிகளை மாட்டிக்கொண்டு வாடகை வள்ளங்களில் மஸினோ ஏரிக்குள் இறங்கினோம். நீரிலிருந்து நூறு மீற்றர் உயரத்துக்குச் செங்குத்தாக எழுந்து நிற்கிறது மஸினோப் பாறை. ஏரியின் ஆழமோ 145 மீற்றர் என்கிறார்கள். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, செங்காவி நிறத்தில் 260 இற்கும் அதிகமான ஓவியங்கள். ஆமை, வள்ளம், மனித உருவம் என்று பழங்குடி மக்களின் முன்னோர் தீட்டியவை. 1982 இல் இந்த இடம் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இவை அம்மக்களுக்குப் புனிதமானவை. வள்ளத்திலிருந்து பார்க்கலாம், தொடக்கூடாது. “கோயிற் கற்பக்கிரகம் மாதிரி” என்று சொன்னதும் பிள்ளைகளுக்கு விளங்கிவிட்டது.

அதே பாறையில் இன்னோரிடத்தில் அமெரிக்கக் கவிஞர் வோல்ட் விட்மனுக்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1819 இல் பிறந்த அவரின் நூற்றாண்டை ஒட்டி, அப்போது இந்த இடத்துக்குச் சொந்தக்காரராக இருந்த புளோரா மக்டொனால்ட் டெனிசன் என்ற பெண்மணி வெட்டுவித்தது. பெண்களின் வாக்குரிமைக்காகப் பாடுபட்டவர் அவர். அவருடைய மகன் மெரில் டெனிசன் 1959 இல் நிலத்தை மாகாணத்துக்குக் கொடுக்க, 1965 இல் பூங்கா திறக்கப்பட்டது. கல்வெட்டு வெட்டப்பட்ட ஆண்டின் கடைசி இலக்கமே மாமாவின் கேள்வி. 1919, ஆகவே ஒன்பது. வடக்குக் கட்டங்கள் 592 என்று நிரம்பின.

எனாவும் ஆனாவும்

மேற்குக் கட்டங்களுக்கான இரண்டாவது கடதாசிதான் எல்லாரையும் இருத்திவிட்டது. அதில் மேலே நடுவில் ‘உ’ என்றும், அதன் கீழே ‘எ அ ச’ என்றும் மாத்திரம் எழுதியிருந்தது. வேறொன்றுமில்லை.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் எழுத்துகளை வாசித்துவிட்டார்கள். பொருள்தான் பிடிபடவில்லை. மூன்று பேருடைய பெயர்களின் முதலெழுத்து என்றான் ஒருவன். உயிரெழுத்து வரிசையில் எத்தனையாவது என்று எண்ணிப் பார்த்தாள் இன்னொருத்தி. பெரியவர்கள் நாங்களும் தேநீரோடு சுற்றி நின்று ஆளுக்கொரு கருத்துச் சொல்லித் தோற்றோம்.

கதிரையில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மம்மா, “அதை ஒருக்கா இஞ்சை கொண்டா” என்றார். கண்ணாடியை ஏற்றி ஒரு பார்வை. “இது எழுத்தில்லைப் பிள்ளை. இலக்கம். எங்கடை ஐயாவின்ரை காணி உறுதியிலையும் எங்கடை சாதக ஓலையளிலையும் இப்பிடித்தான் கிடக்கும். க எண்டால் ஒண்டு, உ ரண்டு, ச நாலு, எ ஏழு, அ எட்டு.”

பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். இளையவன் மேலேயிருந்து வரிசையாக எடுத்து, உ எ அ, இரண்டு ஏழு எட்டு என்று கட்டங்களை நிரப்பிக் கைத்தொலைபேசியில் பதிந்துவிட்டான். அம்புக்குறி நேரே ஏரியைக் காட்டியது. தூரம் 660 மீற்றர். நெட்டாங்கு மேற்கில் குறைந்தால் இடம் கிழக்கே தள்ளும் என்பதை அந்தப் பிழையிலிருந்துதான் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். “மாமா பெட்டியைத் தண்ணிக்குள்ளையோ போட்டவர்?” என்று அவன் அழாக்குறையாகக் கேட்டான்.

அம்மம்மா வயிறு குலுங்கச் சிரித்தார். “அட அப்பு! மேலை கிடக்கிறது பிள்ளையார் சுழி. அது கணக்கிலை சேராது.”

எ அ ச. 784. அம்புக்குறி திரும்பி எங்கள் கூடாரங்களின் பின்பக்கத்தைக் காட்டியது. தூரம் 31 மீற்றர்.

“தொடாதே!”

மரங்களின் கீழே செய்மதிச் சமிக்ஞை சற்றுத் தடுமாறும். ஐந்து, பத்து மீற்றர் பிழை சாதாரணம். ஆகவே அண்மையில் போனபின் கருவியை விட்டுவிட்டுக் கண்ணால் தேடவேண்டும். பிள்ளைகள் மரத்துக்கு மரம் ஓடினார்கள். அம்மம்மாவும் தடியை ஊன்றிக்கொண்டு பின்னால் வந்தார். ஒரு பெரிய வெள்ளைப் பைனின் வேர் இடுக்கில், மரப்பட்டைகளுக்கு அடியில், கறுத்தப் பொலித்தீனில் சுற்றிய ஏதோவொன்று இளையவனின் கண்ணில் பட்டது. “கண்டிட்டன்!” என்று கத்திக்கொண்டு கையை உள்ளே விட்டான்.

“தொடாதே! கையை எடு! எல்லாரும் பின்னாலை வாங்கோ!”

அம்மம்மாவிடமிருந்து அப்படியொரு குரலை நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. பிள்ளைகள் அப்படியே நின்றுவிட்டார்கள். பெரிய பெடியன் ஒருவன் சிரிக்கத் தொடங்கி, பெரியவர்களின் முகங்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அம்மம்மாவின் கை நடுங்கியது. தடி கீழே விழுந்திருந்தது.

எங்களிற் சிலர் எண்பதுகளின் இறுதியிலும் தொண்ணூறுகளிலும் வந்துவிட்டோம். அம்மம்மா அப்படியல்ல. 2009 வரை வன்னியில் இருந்து, செட்டிகுளம் முகாமுக்குப் போய், 2010 இல் திரும்பி வந்து, வளவின் ஒரு பாதிக்குள் இறங்க முடியாமல் சிவப்புப் பலகையைப் பார்த்தபடி வாழ்ந்தவர். மிதிவெடி அகற்றுவோர் நாடா கட்டி அடி அடியாகத் தோண்டிக்கொண்டிருந்த காலம் அது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் படம் காட்டிப் படிப்பித்தது ஒன்றே ஒன்று: அறியாத பொருளைக் கண்டால் தொடாதே, வந்த வழியே திரும்பு, பெரியவருக்குச் சொல். அம்மம்மா அதைத் தன் பேரப்பிள்ளைகள் எல்லாருக்கும் சோற்றோடு ஊட்டி வளர்த்தவர். அப்படிப்பட்டவரின் கண்முன்னால், மண்ணோடு மண்ணாகக் கிடந்த ஒரு கறுத்தப் பொட்டலத்துக்குள் கையை விடச் சொல்லி நாங்கள் பிள்ளைகளுக்குப் பந்தயம் வைத்திருந்தோம்.

குற்றம் எங்களுடையது. மாமாதான் முதலில் அதைச் சொன்னார். இந்த விளையாட்டுக்காரரின் விதிகளிலேயே அது இருக்கிறது: பெட்டியின் வெளிப்புறத்தில் இது என்ன என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும், உள்ளே இருப்பது தெரியும் கலனாக இருந்தால் நல்லது, ஐயம் ஊட்டும் வடிவமாக இருக்கக்கூடாது. பெயர் எழுதாத பெட்டியைக் கண்டு யாரோ பயந்து, பொலிசார் அழைக்கப்பட்ட சம்பவங்கள் பல நாடுகளிலும் நடந்திருக்கின்றன. வீட்டு விளையாட்டுத்தானே என்று மழைக்குப் பொலித்தீனைச் சுற்றியதோடு நாங்கள் விட்டுவிட்டோம்.

மாமா தானே போய்ப் பொட்டலத்தை எடுத்து, தூரத்தில் இருந்து பிரித்து, ஒவ்வொரு பொருளாகத் தூக்கிக் காட்டினார். பிள்ளைகள் கொப்பியில் பெயர் எழுதினார்கள். ஆனால் காலையில் இருந்த கலகலப்பு இல்லை. இரவு நெருப்படியில் இளையவன் அம்மம்மாவின் மடியில் படுத்தபடி, “ஊரிலை நிலத்துக்குள்ளை என்ன கிடந்தது?” என்று கேட்டான். அவர் சொன்னார். முழுவதையும் சொல்லவில்லை, எட்டு வயதுப் பிள்ளைக்குப் போதுமானதைச் சொன்னார். ஏரியில் லூன் பறவை கூவிக்கொண்டிருந்தது. நாங்கள் யாரும் குறுக்கே கதைக்கவில்லை.

இரண்டாவது பெட்டி

மறுநாட் காலை பிள்ளைகள் தாங்களாகவே ஒரு முடிவோடு வந்தார்கள். இடியப்பம் கொண்டுவந்த தெளிந்த பிளாஸ்ரிக் பெட்டியைக் கழுவித் துடைத்து, அதன் மூடியில், “இது எங்கள் விளையாட்டுப் பெட்டி. பயமில்லை” என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிதாக எழுதினார்கள். “இந்த முறை நீங்கள் ஒளிக்கவேணும், நாங்கள் தேடவேணும்” என்று அம்மம்மாவிடம் நீட்டினார்கள்.

முதலில் மறுத்தார். பிறகு, “உள்ளுக்கை என்ன வைக்கிறது?” என்று கேட்டார். பனங்கட்டித் துண்டு வைக்கலாமா என்றார். சாப்பாட்டுச் சாமான் கூடாது, கரடி வரும் என்று பிள்ளைகள் விதியைச் சொன்னார்கள். கடைசியில் தன் பணப்பையிலிருந்து ஒரு டொலர்க் குற்றியை எடுத்தார். அதில் இருப்பதும் லூன் பறவைதான். குற்றியோடு ஒரு துண்டில் பிள்ளைகள் எல்லாருடைய பெயரையும் எழுதி வைத்தார். புதிரும் அவரே எழுதினார். மேலே பிள்ளையார் சுழி. கீழே: “கடைசிக் கூடாரத்து வாசலிலிருந்து ஏரிப் பக்கமாக ௨௪ அடி. பிறகு சோத்துக்கைப் பக்கம் ௧௭ அடி.” செய்மதியும் வேண்டாம், பற்றறியும் வேண்டாம்.

பிள்ளைகளுக்கு அரை மணித்தியாலம் பிடித்தது. யாருடைய அடி என்று எழுதவில்லையே! தங்கள் சின்னக் கால்களால் அளந்து பிழைத்து, பிறகு அம்மம்மாவின் செருப்பை வாங்கி அடிக்கடியாக வைத்து அளந்து கண்டுபிடித்தார்கள். கண்டதும் கை வைக்கவில்லை. இளையவன் நிமிர்ந்து பார்த்து, “அம்மம்மா, எடுக்கட்டோ?” என்று கேட்டான். “எடு அப்பு” என்றார்.

போக விரும்புவோருக்கு

கோடையில் பொன் எக்கோவுக்குக் கூட்டம் அதிகம். ஐந்து மாதங்களுக்கு முன்பிருந்தே இடம் பதியலாம். வார இறுதிகள் விரைவாக முடிந்துவிடும். ஜி.பி.எஸ். கைத்தொலைபேசி வலையமைப்பு இல்லாமலும் வேலை செய்யும். ஆனால் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியை ஒருபோதும் புதைக்க வேண்டாம். இவ்விளையாட்டில் நிலத்தைத் தோண்டுவதே தடை. நெருப்புப் பெட்டி, கத்தி போன்றவையும் உள்ளே கூடாது. தேடுதலின் கடினமும் பாதையின் கடினமும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பிடப்படும். சிறு பிள்ளைகளோடும் முதியவர்களோடும் போவோர் ஒன்று, ஒன்றரை என்று குறித்தவற்றோடு தொடங்குவது நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒளித்து வைத்த பெட்டி ஒன்றைத் தேடப் போகிறோம் என்பதையும் அது எப்படி இருக்கும் என்பதையும் வீட்டிலுள்ள முதியவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நாங்கள் சொல்லவில்லை.

புறப்படுகிற அன்று கூடாரங்களைச் சுருட்டி வானில் ஏற்றி முடித்தபின் அம்மம்மாவைக் காணவில்லை. தேடிப் போனபோது, அந்தப் பைன் மரத்தடியில் தடியால் பட்டைகளை மெல்ல விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டிகள் இரண்டும் வானுக்குள் இருக்கின்றன என்று சொன்னோம்.

“தெரியும்” என்றார். “வேறை ஒண்டும் விடுபடேல்லையோ எண்டு பார்க்கிறன். எங்களுக்குப் பின்னாலை வாற பிள்ளையள் பயப்பிடக்கூடாது.”